கராபினரா, போல்ட் ஸ்னாப்பா?

கேள்வி: ஸ்கூபா பயிற்சியை முடித்துவிட்டு உபகரணங்களை ஒவ்வொன்றாக வாங்கிவருகிறேன். டார்ச், பிரஷர் கேஜ் (காற்றழுத்தமானி), மாற்று ரெகுலேட்டர் (துணைவருக்குக் காற்று தரும் உதிரி சுவாசக் கருவி) ஆகியவற்றை உடுப்பில் மாட்ட, மலையேறுபவர்கள் பயன்படுத்தும் கராபினர் என்ற வளையக் கொக்கி போதுமா? ஓர் ஆளின் எடையையே தாங்கும் என்கிறார்களே?

பதில்: தாங்கும்தான். ஆனால் உங்கள் டார்ச்சுக்கு அத்தனை பலம் எதற்கு? நீருக்கடியில் கிளிப் அறுந்து விழுவதைவிட, வேண்டாத ஒன்றில் போய் மாட்டிக்கொள்வதே பெரிய ஆபத்து. கராபினரின் கதவு உள்நோக்கித் திறப்பது. அறுந்து மிதக்கும் தூண்டில் நரம்போ வலையோ அதில் உரசினால், கதவு தானே திறந்து அதை உள்ளே வாங்கி மூடிக்கொள்ளும். மாட்டுவதற்கு உங்கள் கை தேவையில்லை, கழற்றத்தான் தேவை. அதுவும் நரம்பு இறுகியிருந்தால் லேசில் கழலாது. முக்குளிப்போர் இதற்குத் ‘தற்கொலைக் கிளிப்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

போல்ட் ஸ்னாப் வாங்குங்கள். இது வாயை ஒரு சிறு தண்டு மூடும் கொக்கி. கட்டைவிரலால் தண்டைப் பின்னுக்கு இழுத்தால்தான் அது திறக்கும். கயிறு உரசித் திறப்பது அரிது. கையுறை அணிந்து, கண்ணை மூடி, ஒரே கையால் மாட்டிக் கழற்றிப் பாருங்கள். தடுமாறினால் ஒரு அளவு பெரியதை எடுங்கள்.

உலோகத்தில் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கேளுங்கள். அதில் கலந்துள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் கடலுப்பின் அரிப்பை எதிர்த்து நிற்கும். சிலர் கடையில் காந்தம் வைத்துச் சோதிப்பார்கள், பயனில்லை. முலாம் பூசிய பித்தளையும் துத்தநாக வார்ப்பும்கூடக் காந்தத்தில் ஒட்டாது. ஸ்பிரிங் எந்த உலோகம் என்றும் விசாரியுங்கள். மலிவான கிளிப்பில் முதலில் கெடுவது பெரும்பாலும் அதுதான்.

நல்ல கிளிப்பை வாங்கியவர்களும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. கிளிப்பை இரும்பு வளையம் கொண்டு உபகரணத்தோடு இணைத்துவிடுவார்கள். உலோகத்தோடு உலோகத்தைப் பிணைக்காதீர்கள். இடையில் பின்னல் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, முனைகளைத் தீயில் உருக்கிவிடுங்கள். உப்பேறி கிளிப் இறுகிப்போனாலும், எதிலாவது சிக்கினாலும் கத்தியால் கயிற்றை அறுத்து விடுபடலாம். எஃகு வளையத்தைக் கத்தி என்ன செய்யும்? பிளாஸ்டிக் ஜிப் டை, கயிற்றுக்கு மாற்றாகாது. வெட்டிய முனை கையைக் கீறும்.

மாற்று ரெகுலேட்டர் விஷயம் தனி. காற்றில்லாமல் பதறும் துணைவர் அதைப் பிடித்து இழுப்பார். தண்டை இழுத்துத் திறந்துகொண்டிருக்க அவருக்கு நேரமிருக்காது. பலமாக ஓர் இழுப்பு இழுத்தால் விடுபடும் சிலிக்கான் வளையத்தில் அதைச் செருகிவையுங்கள். சும்மா தொங்கி மணலில் இழுபடவும் கூடாது.

மேற்பரப்புக்கு மிதவை அனுப்பும்போது அதன் கயிறு சுற்றிய ரீலை உடுப்பில் மாட்டியிருக்கவே கூடாது. கயிறு சிக்கினால் மிதவை உங்களையும் சேர்த்து மேலே இழுத்துப் போய்விடும். கையில் பிடித்திருந்தால் விட்டுவிடலாம்.

கரையேறியதும் கிளிப்புகளை நன்னீரில் ஊறவைத்து, நீருக்குள்ளேயே தண்டைப் பலமுறை இழுத்து விடுங்கள். அப்படியும் மணல் நறநறத்து, தண்டு முழுதாக மூடாவிட்டால், கயிற்றை அறுத்து வேறு கிளிப்பைக் கட்டுங்கள்.