நெஞ்சுக்குள்ள கரன்ட் என்ன ஸ்பீடுல போகுது?

கேள்வி: எங்க அப்பாவுக்கு ஏட்ரியல் ஃப்ளட்டர்னு, அதாவது இதயத்தோட மேலறை ரொம்ப வேகமா துடிக்கிற கோளாறுன்னு, அப்லேஷன் (கோளாறான பாதையைத் தழும்பாக்கி கரன்ட்டை மறிக்கிற சிகிச்சை) பண்ணாங்க. டாக்டர் காட்டின படத்துல இதயம் முழுக்க சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதான்னு ஒரே கலரா இருந்துச்சு, கரன்ட் போற வேகத்தை கம்ப்யூட்டர் கணக்கு போடுதுன்னாரு. தூரத்தை நேரத்தால வகுக்க கம்ப்யூட்டர் எதுக்கு?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: நியாயமான கேள்விதான், ஆனா அந்த வகுத்தல் இங்க செல்லாது. மெரினால ரெண்டு பேர் கரையை ஒட்டி தள்ளித்தள்ளி நிக்கிறாங்க, நேரா வர்ற அலை ரெண்டு பேர் காலையும் ஒரே சமயத்துல நனைக்குது, இப்ப வகுத்துப் பாருங்க, நேரம் ஜீரோ, வேகம் எங்கயோ போயிடும். திசை தெரியாம வேகம் சொல்லவே முடியாது. இதயத்துல கரன்ட்டும் அலை மாதிரிதான் பரவுது, அதனால பக்கத்துல பக்கத்துல மூணு புள்ளி எடுத்து, அந்தச் சின்ன முக்கோணத்துக்குள்ள அலை நேராப் போகுதுன்னு வச்சுக்கிட்டு, திசை வேகம் ரெண்டையும் சேர்த்தே கண்டுபிடிப்பாங்க. இப்படி ஆயிரக்கணக்குல முக்கோணம், அதுக்குத்தான் கம்ப்யூட்டர். ரெண்டு அலை எதிரெதிரா வந்து மோதுற இடத்துல இந்தக் கணக்கும் நம்ப முடியாத வேகத்தைக் காட்டும், அதைத் தூக்கிப் போட்டுடணும்.

என்னைக் கேட்டா ஃபார்முலா ஈஸி, அலை எப்ப வந்துச்சுன்னு குறிக்கிறதுதான் தலைவலி. கதீட்டர், அதாவது ரத்தக்குழாய் வழியா உள்ள விடுற ஒயர், இதயச் சுவரைத் தொடுற இடத்துல சிக்னல் எந்த நொடியில ரொம்பச் செங்குத்தா கீழ விழுதோ அதைத்தான் வழக்கமா எடுப்பாங்க, ஆனா தழும்பு விழுந்த சதையில சிக்னல் சின்னச் சின்னதா உடைஞ்சு வரும், அதுல எதை எடுக்கறது சொல்லுங்க? நோய் ஒளிஞ்சிருக்கறதும் பெரும்பாலும் அங்கதான். வேகம்னு பாத்தா ஒரே இதயத்துலயே ஏவி நோடுல (மேலறைலேர்ந்து கீழறைக்கு கரன்ட் கடக்கிற இடம்) செகண்டுக்கு சுமார் 5 சென்டிமீட்டர், பர்கின்ஜி நார்கள்ல (கீழறை முழுக்க கரன்ட்டைப் பரப்புற நார்கள்) 2ல இருந்து 4 மீட்டர். அந்த நோடு மெதுவா இருக்கறதாலதான் மேலறை ரத்தத்தைக் கீழ தள்ள டைம் கிடைக்குது.

அப்புறம் படத்துல பாத்த அந்தக் கலர் வேகம் இல்லைங்க, அலை அங்க வந்து சேர்ந்த நேரம். பொதுவா சிவப்பு முதல்ல, ஊதா கடைசில. ஃப்ளட்டர்ல ரெண்டும் ஒட்டி நின்னா அலை சுத்திச் சுத்தி வருதுன்னு சந்தேகப்படுவாங்க, வழக்கமான வகையில வலது மேலறைல ட்ரைகஸ்பிட் வால்வை (வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்கற வால்வு) சுத்தி, ஒரு சுத்துக்கு சுமார் 200 மில்லிசெகண்ட்.

கேள்வி: உள்ள ஒயர் விடாம வெளியிலேர்ந்தே இதைப் பாக்க முடியாதா?
- இன்னொரு வாசகர், மதுரை

பதில்: முடியும். அமெரிக்காவுல யோரம் ரூடி குழு வளர்த்த முறை இருக்கு, சுமார் 250 எலக்ட்ரோடு வச்ச சட்டையை மாட்டி, சிடி ஸ்கேனும் எடுத்து, தோல்ல கிடைக்கிற வோல்டேஜ்லேர்ந்து இதயத்து மேல என்ன நடந்துச்சுன்னு பின்னோக்கிக் கணக்கு போடுவாங்க. வெளியில எடுக்கிற சிக்னல்ல துளி இரைச்சல் (நாய்ஸ்) கலந்தாக்கூட உள்ள பெரிய தப்பா வீங்கிடும், அதனால அதை அடக்கி மென்மைப்படுத்துறாங்க, அப்ப நுணுக்கமான விவரமும் கொஞ்சம் கரைஞ்சு போயிடுது.