வீட்டிலிருந்து வேலை, விடாத களைப்பு: கேள்வி பதில்

கேள்வி: எட்டு மணி நேரம் தூங்கினாலும் களைப்பு போகவில்லை. வெறும் அசதியா, பர்ன் அவுட் என்கிறார்களே, அதுவா?

பதில்: அசதி இரண்டு நாள் ஓய்வில் தீரும், பர்ன் அவுட் எனப்படும் பணிச்சோர்வு தீராது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோயாக அல்லாமல் பணி சார்ந்த நிலையாக வரையறுத்து, மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலைமீது கசப்பும் விலகலும், செயல்திறன் குறைவது. இரண்டாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சக ஊழியரின் பெயர் திரையில் தோன்றியதுமே எரிச்சல் வருகிறதா? எனக்கு அப்படித்தான் தொடங்கியது. பிறகு, இரண்டு வரி மின்னஞ்சல் எழுத உட்கார்ந்து, 'வணக்கம்' என்ற சொல்லுக்கு அப்பால் நகராமல் நாற்பது நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோம்பல் என்று என்னையே திட்டிக்கொண்டது பெரிய தவறு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு இவற்றாலும் களைப்பு வரும். ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: போய்வரும் அலைச்சலே இல்லையே, பிறகு ஏன் இவ்வளவு சோர்வு?

பதில்: அலைச்சலோடு சேர்ந்து வேலை முடியும் நேரமும் போய்விட்டது. இரவு பத்து மணிக்குக் கைப்பேசி ஒளிர்கிறது. பதில் எழுதாமல் படிக்க மட்டும் செய்கிறீர்கள். விளக்கை அணைத்த பிறகும் அந்தப் பதில் மனதுக்குள் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதுவும் வேலைதான். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம், 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட ஏறத்தாழ 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டன. ஆகவே முடிவை நீங்களே உண்டாக்குங்கள். நாளைய வேலைகளைத் தாளில் எழுதிவிட்டு, மடிக்கணினியை முழுமையாக அணைத்து அலமாரிக்குள் வையுங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். கைப்பேசியில் அலுவலகச் செயலிகளின் அறிவிப்பை மறுநாள் காலைவரை நிறுத்திவையுங்கள்.

கேள்வி: எங்களுக்கு இருப்பதே ஒரே அறை.

பதில்: மாலையில் மேசைமீது ஒரு துணியைப் போர்த்திவிடுங்கள். கட்டிலில் உட்கார்ந்து வேலை செய்வது மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஒரு வாரம் விடுப்பு எடுத்தேன். திரும்பிய மூன்றாம் நாளே பழைய நிலை.

பதில்: விடுப்பில் நீங்கள் ஓய்வெடுத்தீர்கள், வேலை குவிந்தது. பணிச்சோர்வு பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், வேலைப் பளுவோடு சுதந்திரம், அங்கீகாரம், சக ஊழியர் உறவு, நியாயம் ஆகியவற்றில் உள்ள குறைகளையும், நம் விழுமியங்களோடு வேலை ஒத்துப்போகாததையும் காரணங்களாகக் காட்டுகிறார். இவற்றில் எதையும் தியானத்தால் மட்டும் சரிசெய்ய முடியாது. கையிலுள்ள வேலைகளையும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தையும் பட்டியலிட்டு மேலாளரிடம் கொடுங்கள். "முடியவில்லை" என்பதைவிட, "இவற்றில் எதைத் தள்ளிப்போடலாம்?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி அது.

கேள்வி: வேலை மட்டுமல்ல, பிடித்த பாட்டுக்கூட இப்போது கேட்கத் தோன்றவில்லை.

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். வேலைக்கு வெளியிலும் எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரம் கடந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, விடியும்வரைகூடக் காத்திருக்காமல் பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள்.