நோட்டில் இல்லாத வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 44. ஒன்பது மாதங்களுக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் செயலிழந்துவிட்டது, பேச்சும் குழறலாகத்தான் வருகிறது. வேலையை விட்டுவிட்டு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மனம் தளராமல் இருக்க வேண்டும் என்று தோழி ஒருத்தி ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் இரவில் நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை எழுதச் சொன்னாள். ஐந்து மாதங்களாக ஒருநாள் விடாமல் எழுதுகிறேன். இப்போது புரட்டிப் பார்த்தால் எல்லாப் பக்கங்களிலும் ஒரே வரிகள்தான்: 'அம்மா உயிரோடு இருக்கிறாள். என் உடம்பு நன்றாக இருக்கிறது. தலைக்கு மேல் கூரை இருக்கிறது.' எழுதும்போது எதுவும் தோன்றுவதில்லை. சில இரவுகளில் கோபம்தான் வருகிறது. உறவினர்களோ, 'உன்னைவிட மோசமான நிலையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அதை நினைத்துக்கொள்' என்கிறார்கள். எதிர்வீட்டுப் பெண் சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் அம்மாவோடு வந்து இருப்பதால்தான் இந்தக் கடிதத்தைக்கூட எழுத முடிகிறது. நன்றியுணர்வு என்பதே நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதானா? இல்லை, எனக்குத்தான் அந்த மனம் இல்லையா?

க.

*

அன்புள்ள க.,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அந்த மனம் இருக்கிறது. சான்று உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள்தான் அதைக் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறீர்கள். சற்றுப் பொறுத்து அங்கே வருகிறேன்.

அதற்கு முன் உறவினர்கள் சொன்னதைப் பற்றி. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். துயரப்படுபவர் முன்னால் என்ன பேசுவது என்று தெரியாதவர்கள், கையில் அகப்பட்ட வார்த்தையை எடுத்து நீட்டிவிடுவார்கள். ஆனாலும் அது நன்றி அல்ல. எரிகிற வீட்டைக் காட்டி, உன் வீட்டில் வெறும் புகைதானே என்று சொல்கிற கணக்கு. அந்தக் கணக்கில் ஆறுதல் கிடைக்க வேண்டுமானால், நம்மைவிடக் கீழே யாராவது எப்போதும் துன்பப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாளை வேறு யாருக்காவது ஆறுதல் சொல்ல உங்கள் அம்மாவையே சுட்டிக்காட்டுவார்கள். அதிலிருந்து உங்களுக்கு எந்த நிம்மதியும் வரவில்லை என்றால், அது உங்கள் குறை இல்லை.

இப்போது நன்றி என்ற சொல்லுக்கு வருகிறேன். இன்று நாம் அதை ஓர் உணர்ச்சியின் பெயராக ஆக்கிவிட்டோம். நன்றியுணர்வு என்கிறோம், நெஞ்சு நெகிழ வேண்டும், கண் கலங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பழைய தமிழில் அது நன்மையின் பெயர். 'நன்றிக்கு வித்தாகும் நல்லொழுக்கம்' என்று திருக்குறளில் வருமிடத்தில் அந்தச் சொல்லுக்கு நன்மை என்றுதான் பொருள். அதே நூலின் 11ஆம் அதிகாரத்துக்குப் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. நெகிழ்தல் என்றோ கூறுதல் என்றோ இல்லை. அறிதல் என்று இருக்கிறது. ஒருவர் எனக்கு ஒரு நன்மை செய்திருக்கிறார், அதை நான் அறிந்திருக்கிறேன். அந்த அறிவோடு மகிழ்ச்சியும் சேர்ந்து வரலாம், வராமலும் போகலாம். அழுதுகொண்டே அறியலாம். கடுங்கோபத்தில் இருக்கும்போதும் அறியலாம். என் வாழ்க்கையின் இருண்ட நாட்களில் இந்த ஒரு சொல் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. நீங்கள் ஐந்து மாதங்களாக நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஓர் உணர்ச்சி வரும் என்று காத்திருக்கிறீர்கள். உணர்ச்சிகள் அழைத்து வருபவை அல்ல.

சரி, அந்த மூன்று வரிகள் ஏன் செத்துப்போயின?

சில ஆண்டுகளுக்கு முன் படியில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. சட்டைப் பொத்தானைப் போடக்கூட இன்னொருவர் கை வேண்டும். கட்டைப் பிரித்த அன்று பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டேன், கழற்றினேன், மறுபடியும் போட்டேன். உலகத்தில் இதைவிடப் பெரிய சுகம் இல்லை என்று தோன்றியது. இனி ஒவ்வொரு நாள் காலையிலும் இதை நினைத்துக்கொள்வேன் என்று உறுதியும் எடுத்துக்கொண்டேன். பதினைந்து நாட்கள்கூடத் தாங்கவில்லை. மணிக்கட்டு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன். ஆனால் அந்த ஆறு வாரங்களில் எனக்குப் பொத்தான் போட்டுவிட்டவன் என் மகன். கழுத்துப் பொத்தானை மட்டும் போடாமல் விட்டுவிடுவான். இறுக்கினால் எனக்கு இருமல் வரும் என்பதை, நான் சொல்லாமலே, அவனாகவே கண்டுபிடித்திருந்தான். அது இன்றுவரை மங்கவில்லை. கை சரியானதன் மகிழ்ச்சி கரைந்துவிட்டது. அவன் விட்டுவைத்த அந்தப் பொத்தான் அப்படியே இருக்கிறது.

எந்த நிலைக்கும் மனம் பழகிவிடும், நல்ல நிலைக்கும்தான். 1978இல் பிலிப் பிரிக்மனும் இரு சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேர், விபத்தில் கைகால் செயலிழந்த 29 பேர், இரண்டும் நேராத 22 பேர் ஆகியோரிடம் பேசினார்கள். லாட்டரி வென்றவர்கள், இரண்டும் நேராதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இருக்கவில்லை. நண்பரோடு பேசுவது, ஒரு நகைச்சுவையைக் கேட்பது போன்ற சின்னச் சின்ன இன்பங்கள் அவர்களுக்குக் குறைவாகவே ருசித்தன. விபத்துக்குள்ளானவர்களும் அதே அளவு மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று இந்த ஆய்வைப் பலர் தவறாகச் சொல்வதுண்டு. அப்படி இல்லை, அவர்களுடைய மகிழ்ச்சி குறைவாகத்தான் இருந்தது. இழப்பு இழப்புதான். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் 'எல்லாம் பழகிவிடும்' என்று சொன்னால் நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை.

உடம்பு, கூரை, உயிர் என்று நீங்கள் எழுதுபவை மூன்றுமே நிலைகள். அவற்றில் ஆள் இல்லை, செயல் இல்லை, நேரம் இல்லை. ஒரே பாடத்தை நூற்றைம்பது முறை எழுதிப் பார்த்தால் எழுத்துதான் மிஞ்சும்.

நோட்டு எழுதும் பழக்கத்தைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. அது பரவலானதற்குக் காரணமான ஆய்வுகளில் முக்கியமானது ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லஃபும் 2003இல் வெளியிட்டது. அதன் முதல் பகுதியில் மாணவர்கள் பத்து வாரங்களுக்கு, வாரம் ஒரு முறை மட்டும் எழுதினார்கள். நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள், எரிச்சலூட்டியவற்றை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையை மேலாக மதிப்பிட்டார்கள். வரும் வாரத்தைக் கூடுதல் நம்பிக்கையோடு எதிர்நோக்கினார்கள். இன்னொரு பகுதியில், நரம்பையும் தசையையும் பாதிக்கும் நோய் உள்ளவர்கள் 21 நாட்கள் எழுதினார்கள். அவர்களுடைய தூக்கம் மேம்பட்டது. ஆகவே இது நலமாக இருப்பவர்களின் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. ஆனால் சோன்யா லூபோமிர்ஸ்கியின் ஆய்வு ஒன்றில் ஆறு வாரங்களுக்கு ஒரு குழு வாரம் ஒரு முறையும், இன்னொரு குழு வாரம் மூன்று முறையும் எழுதியபோது, வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்கே பயன் கிடைத்தது. அடிக்கடி எழுதினால் அது இன்னொரு வீட்டுவேலையாகிவிடுகிறது. உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற வேலைகள் போதாதா?

எனவே என் யோசனை: தினமும் எழுதுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வாரத்தில் ஒருநாள், ஒரே ஒரு செயலைப் பற்றி எழுதுங்கள். யார் செய்தார், எப்போது, அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார், அவர் செய்யாமல் இருந்திருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. மின்கியுங் கூவும் மற்றவர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் துணையை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்கக்கூடும் என்று எண்ணி எழுதியவர்கள் தங்கள் உறவில் கூடுதல் நிறைவு அடைந்தார்கள். இருப்பதை எண்ணினால் மனம் கொட்டாவி விடுகிறது; அது இல்லாமல் போயிருக்கலாம் என்று ஒரு கணம் எண்ணினால் விழித்துக்கொள்கிறது.

எழுத ஒன்றும் இல்லாத வாரத்தில் எழுதாதீர்கள். கோபம் வருகிற இரவில் கோபத்தையே எழுதுங்கள். ஒன்பது மாதங்களாக ஒருவரைத் தூக்கி, திருப்பி, துடைத்து, அவர் சொல்ல வருவதைப் பாதியிலேயே புரிந்துகொண்டு, உங்கள் வேலையையும் இழந்து நிற்கிறீர்கள். இதில் கோபம் வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். வாயால் மட்டும் நல்லதைச் சொல்லிக்கொண்டே இருப்பது எல்லாருக்கும் நன்மை தருவதும் இல்லை. ஜோன் வுட் என்ற உளவியலாளரின் 2009ஆம் ஆண்டு ஆய்வில், 'நான் அன்புக்குரியவள்' என்பது போன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, தங்களைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக எண்ணியவர்களின் மனநிலை இன்னும் கீழே போனது. நம்பாத ஒன்றைச் சொல்லும்போது உள்ளே ஒரு குரல் மறுத்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் நோட்டின் முன்னால் நீங்கள் கேட்டது அந்தக் குரலைத்தான். அது நேர்மையான குரல். அதை அடக்கப் பார்க்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நன்றிப் பயிற்சிகளால் மனச்சோர்வும் பதற்றமும் எவ்வளவு குறைகின்றன என்று 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள், பலன் சிறிய அளவுதான் என்றார்கள். நோட்டு மருந்து அல்ல. இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தினமும் மனம் கனத்துக் கிடந்தால், தூக்கம் கெட்டால், எதிலும் நாட்டம் இல்லாமல் போனால், அம்மாவை அழைத்துப் போவதைப் போலவே உங்களையும் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பார்த்துக்கொள்பவருக்கும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். 'எதிர்வீட்டுப் பெண் சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் அம்மாவோடு வந்து இருப்பதால்தான் இந்தக் கடிதத்தைக்கூட எழுத முடிகிறது.' போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். யார், எந்த நாள், எவ்வளவு நேரம், அதனால் உங்களுக்கு என்ன முடிந்தது, எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. அறிதல் என்று நான் சொன்னது இதைத்தான். உங்கள் ஐந்து மாத நோட்டில் இந்த வரி இருக்கிறதா? நீங்கள் காட்டிய வரிகளில் இல்லை. நன்றி என்று தலைப்புப் போட்ட பக்கங்களில் வராதது, சலிப்போடு எழுதிய கடிதத்தில் தானாக வந்து விழுந்திருக்கிறது.

அவரிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா? வாசலில் விடைபெறும்போது சொல்கிற நன்றியைக் கேட்கவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியுமா? தூங்குகிறீர்களா, நடந்துவிட்டு வருகிறீர்களா, எழுதுகிறீர்களா? சொன்னால் அவருக்குக் கூச்சமாக இருக்கும், நமக்கும் சொல்ல வராது என்று தோன்றும். அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018இல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவர் சங்கடப்படுவார் என்று மிகையாக எண்ணியிருந்தார்கள். அவர் அடையப்போகும் மகிழ்ச்சியையோ குறைவாகவே மதிப்பிட்டிருந்தார்கள். எழுதியவர்கள் தங்கள் சொற்கள் சரியாக அமைந்தனவா என்று கவலைப்பட்டார்கள். பெற்றவர்கள் பார்த்தது அதில் இருந்த அன்பைத்தான்.

இதை நான் ஏடு படித்து மட்டும் சொல்லவில்லை. கழுத்துப் பொத்தானைப் பற்றி என் மகனிடம் நான் சொன்னது நான்கு ஆண்டுகள் கழித்துத்தான், அதுவும் தொலைபேசியில். சற்று நேரம் அவன் பேசவே இல்லை. பிறகு, 'நீங்கள் அதைக் கவனித்தீர்களா அப்பா?' என்று கேட்டான். அந்த நான்கு ஆண்டுகளை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை அவர் வந்ததும் உடனே வெளியே போய்விடாதீர்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, போன வாரம் அவர் தந்த இரண்டு மணி நேரத்தில்தான் ஒரு கடிதம் எழுதினீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள். அம்மா இப்போது எந்தச் சொற்களைத் தெளிவாகச் சொல்கிறார் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.