ஆறு பக்கம் இருந்தால் ஒரே வருணமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "மிச்சிகனில் இருக்கும் என் அண்ணா மெருகிட்ட சாம்பல் நிறக் கல்லொன்று அனுப்பினார். மேலே தேன்கூடு மாதிரிக் கோலம். பெட்டோஸ்கி கல், எக்சகொனேரியா என்ற முருகைக்கல்லின் உயிர்ச்சுவடு என்றார். தரம் 8 படிக்கும் மகள் பாடசாலைக் கண்காட்சியில் அதையும், அப்பப்பா காலத்து ஹிக்கடுவை முருகைக்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்போகிறாள். இப்போதுள்ள முருகைக்கற்களுக்கு ஆறின் கணக்கு என்று படித்திருக்கிறாளாம். இதற்கும் ஆறு பக்கம். இரண்டும் ஒரே வருணம் என்று எழுதலாமா?"

எழுத வேண்டாம். (வருணம் என்பது உயிரினப் பாகுபாட்டில் வகுப்புக்கும் குடும்பத்துக்கும் இடைப்பட்ட படி.) மகளுக்கு நல்ல கண்தான், ஆனால் இந்த ஆறு வேறு ஆறு. கல்லில் தெரியும் ஒவ்வொரு கட்டமும் ஒரு பொலிப்பு, அதாவது முருகையின் சின்ன உயிரி, குடியிருந்த குழாயின் குறுக்குவெட்டு. குழாய்கள் சுவரோடு சுவர் நெருங்கி வளர்ந்ததால் கோணம் விழுந்திருக்கிறது. எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து பக்கக் கட்டமும் ஏழு பக்கக் கட்டமும் அதே கல்லில் கிடைக்கும். நெருக்கத்தில் வந்த வடிவத்தை வைத்து வருணத்தைச் சொல்ல முடியாது.

வருணத்தைச் சொல்வது குழாய்க்குள் சுவரிலிருந்து நடுவை நோக்கி நிற்கும் தகடுகளான பிரிசுவர்கள். இன்றைய கல் முருகைகளான ஸ்கிலெரக்டினியா வருணத்தில் புதிய பிரிசுவர்கள் ஆறு பகுதிகளிலும் முளைக்கும். எக்சகொனேரியா சேர்ந்த ருகோசா வருணத்தில் முதல் ஆறு பிரிசுவர் வந்தபின், புதியவை நான்கே இடங்களில் முளைக்கும். வளர்ந்த கட்டத்தில் இது கண்ணுக்குப் பிடிபடாது. அடியிலிருந்து மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். எலும்பும் வேறு: ருகோசாவுக்குக் கல்சைற்று, ஹிக்கடுவைத் துண்டுக்கு அரகோனைற்று. இரண்டும் கல்சியம் காபனேற்றின் வெவ்வேறு பளிங்கு வடிவங்கள். வினாகிரி விட்டுப் பார்க்க நினைக்காதீர்கள். இரண்டும் நுரைக்கும், மெருகுதான் போகும்.

வீட்டில் பார்க்கக்கூடியது எது? கல்லைத் தண்ணீரில் நனைத்து, பத்து மடங்கு கைவில்லையை ஒரு கட்டத்தின் மேல் பிடியுங்கள். நடுவில் கருமையான கண் போன்ற பகுதி. சுவரிலிருந்து அதை நோக்கி நெட்டை ஒன்று, குட்டை ஒன்று என்று மாறி மாறிக் கோடுகள் போகும். அவைதான் பிரிசுவர்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அந்தக் கோடுகளில் நூலில் முடிச்சுப் போட்ட மாதிரி சின்னச் சின்னக் குறுக்குப் புடைப்புகள் தெரியும். லத்தீனில் கரீனா என்றால் படகின் ஏரா, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டை. எக்சகொனேரியாவின் ஓர் இனத்துக்குப் பெர்கேரினேட்டா என்ற பெயர் இந்தப் புடைப்புகளால் வந்தது. முதல் தடவை இதைப் பார்க்கும் பிள்ளை வில்லையைத் திருப்பித் தர மாட்டாள்!

தேன்கூட்டுக் கோலம் இருந்தும் இந்தக் கதிர்க்கோடுகள் தெளிவாக இல்லையென்றால் அது ஃபவோசைட்டிஸ் ஆக இருக்கலாம். அது டபுலேற்றா என்ற வேறு முருகைக் கூட்டம். அதன் குழாய்ச் சுவர்களில் நுண்துளைகளும், குழாய்க்குள் தட்டுத் தட்டாகக் கிடைத்தகடுகளும் இருக்கும்.

சரி, பெயர்ச்சீட்டு. கணம் நிடாரியா, வகுப்பு அந்தோசோவா, வருணம் ருகோசா, குடும்பம் டிஸ்ஃபிலிடே, சாதி எக்சகொனேரியா. இடம் மிச்சிகன், காலம் டெவோனியன், வயது சுமார் 38 கோடி ஆண்டு. மிச்சிகன் மாநிலம் 1965இல் தன் மாநிலக் கல்லாக அறிவித்தது எக்சகொனேரியா பெர்கேரினேட்டாவைத்தான். ஆனாலும் அங்குள்ள பாறைகளில் இந்தச் சாதியின் வேறு இனங்களும் உண்டு. அதனால் நானாக இருந்தால் சாதிப்பெயரோடு நிறுத்திக்கொள்வேன்.

ஹிக்கடுவைத் துண்டுக்கு வருணம் ஸ்கிலெரக்டினியா. ருகோசா 25 கோடி ஆண்டுக்கு முன் பேர்மியன் முடிவில் பூண்டோடு அழிந்தது. ஸ்கிலெரக்டினியா அதற்குப் பிறகு, டிரயாசிக் காலத்தில்தான் பாறைகளில் தலைகாட்டுகிறது. மேசையில் அருகருகே வைத்தாலும் இரண்டும் ஒரே கடலில் வாழ்ந்ததே இல்லை. இதையே சீட்டின் கடைசி வரியாக மகளை எழுதச் சொல்லுங்கள். அப்புறம், அந்தத் துண்டு அப்பப்பா காலத்தது என்பதையும் சேர்த்து எழுதட்டும். பார்க்கும் பிள்ளைகள் கடலில் போய் முருகைக்கல் உடைத்து வரக் கூடாது.