நிலக்காட்சி ஓவியர்களை வரையத் தூண்டுவது எது? ஒரு காட்சியை எப்படித் தேர்ந்தெடுத்து வரைகிறீர்கள்?

எல்லா ஓவியர்களுக்காகவும் நான் பேச முடியாது. என்னை வெளியே இழுப்பது தூரம். எனக்கும் அந்த மலைக்கும் நடுவில் இருக்கும் காற்றை வரையத்தான் போகிறேன். மலை, மரம், ஆறு எல்லாம் அந்தக் காற்றைக் கண்ணுக்குக் காட்டித் தருகின்றன, அதனால் அவற்றையும் வரைகிறேன்.

கேட்க ஏதோ தத்துவம் போல இருக்கும். ஆனால் யாரும் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தான் இது. காற்று ஒளியைச் சிதறடிக்கிறது, அதிலும் நீலத்தைத்தான் அதிகமாகச் சிதறடிக்கிறது. அப்படிச் சிதறிய நீலம் நமக்கும் தொலைவில் உள்ள கருத்த மலைக்கும் நடுவில் வந்து நிற்பதால், மலை வெளுத்து நீலமாகத் தெரிகிறது. தொலைவில் உள்ள வெள்ளை மேகத்துக்கோ நேர்மாறாக நடக்கும். அதிலிருந்து வரும் ஒளியில் நீலம் வழியிலேயே குறைந்துபோவதால், அடிவானத்து மேகத்தில் லேசாக மஞ்சளோ இளஞ்சிவப்போ கலந்திருக்கும். தூரம் என்றாலே நீலம் என்று மட்டும் கற்றுக்கொண்டவர்கள் அந்த மேகத்திலும் நீலத்தைப் பூசிவிடுகிறார்கள். வானம் சுவர் போல ஆகிவிடுகிறது.

தூரத்து மலைகள் ஏன் நீலமாகின்றன என்று லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் யோசித்து எழுதியிருக்கிறார். அவருக்கும் நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சீன ஓவியர் குவோ ஷி தூரத்தையே மூன்று வகையாகப் பிரித்தார். அடிவாரத்தில் நின்று சிகரத்தை அண்ணாந்து பார்ப்பது ஒன்று. முன்னால் நிற்கும் மலையைத் தாண்டி அதன் பின்னால் எட்டிப் பார்ப்பது இன்னொன்று. பக்கத்து மலையில் நின்று தொலைவு மலைகளை நேராகப் பார்ப்பது மூன்றாவது. 1072-ல் பட்டுத்துணியில் அவர் வரைந்த இளவேனில் மலைக்காட்சியில் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. அத்தனை ஆழத்தையும் பெரும்பாலும் மையின் அடர்த்தியைக் கூட்டிக் குறைத்தே கொண்டுவந்திருக்கிறார். வண்ணத்தைவிட வெளிச்சத்தின் அளவுதான் தூரத்தைக் கட்டுகிறது என்று நான் இவ்வளவு பிடிவாதமாக நம்புவதற்கு அந்தப் படம் ஒரு முக்கியக் காரணம்.

சரி, வேலைக்கு வருவோம். இடத்துக்குப் போனதும் பெட்டியைத் திறக்க மாட்டேன். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பேன். இலை, கிளை, கல் எல்லாம் மங்கி நாலைந்து பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். அவற்றை உள்ளங்கை அளவுத் தாளில், வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்றே தரத்தில் பென்சிலால் போட்டுப் பார்ப்பேன். அந்தச் சின்னப் படத்திலேயே தூரம் தெரியவில்லை என்றால் அந்தக் காட்சியை விட்டுவிடுவேன், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அழகான இடம் எல்லாம் நல்ல படமாக அமைவதில்லை. ஒன்றுமில்லாத வெற்று மேடு, பின்னால் ஒரு மரவரிசை, அதற்கும் பின்னால் ஒரு கோடு போல மலை, இவை போதும்.

அமெரிக்க ஓவியர் ஜான் கார்ல்சன் சொல்லிக்கொடுத்த ஒரு வரிசை இங்கே ரொம்ப உதவும். ஒளி மேலிருந்து வருவதால், பொதுவாக வானம்தான் மிக வெளிர். அடுத்தது படுத்திருக்கும் தரை, அதற்கடுத்தது சாய்ந்த மலைச்சரிவு, நிமிர்ந்து நிற்கும் மரம்தான் மிக அடர். பனி மூடிய நிலம் போன்ற விலக்குகள் உண்டு. ஆனாலும் படம் தடுமாறும்போது முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

அப்புறம் நேரம். வானில் சூரியன் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்ந்துவிடும், நிழல்களும் கூடவே போய்விடும். வெளியே உட்கார்ந்து தீட்டும் எண்ணெய் வண்ணப் பயிற்சிப் படத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்காதே, சூரிய உதயமோ அஸ்தமனமோ என்றால் அரை மணிதான் என்று பிரெஞ்சு ஓவியர் வலென்சியன் 1800-லேயே எழுதினார். பின்னால் வந்த பிரெஞ்சு ஓவியர் மோனே வேறு வழி கண்டார். 1890-91-ல் வைக்கோல் போர்களை வரைந்தபோது பல கேன்வாஸ்களைக் கூடவே வைத்துக்கொண்டு, ஒளி மாறியதும் கேன்வாஸையும் மாற்றினார். பொருள்களைச் சுற்றிப் படர்ந்திருக்கும் ஒளியைத்தான் தேடுகிறேன் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. நான் வலென்சியன் கட்சி. ஆரம்பத்திலேயே நிழல்களின் இடத்தைக் குறித்துவிடுவேன், பிறகு அவை எங்கே நகர்ந்தாலும் பின்தொடர மாட்டேன்.

வண்ணத்தில் தூரத்து மலையைத்தான் முதலில் கலப்பேன். மற்ற எல்லா அளவும் அதிலிருந்துதான் கிடைக்கும். வெள்ளையை மட்டும் சேர்த்து வெளிர் ஆக்கினால் மலை தள்ளிப்போகாது, சுண்ணாம்பு பூசியது போல முன்னால் வந்து நிற்கும். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பலைக் கொஞ்சம் சேர்த்தால்தான் அது பின்வாங்கும். இந்த இரண்டின் விகிதத்தை மாற்றினாலே குளிர்ந்த சாம்பலும் வெதுவெதுப்பான சாம்பலும் கிடைத்துவிடும், அதனால் கறுப்பு வாங்குவதே இல்லை. பச்சையில் ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்து மரத்தில் மஞ்சள் நிறைய இருக்கும், தள்ளிப்போகப்போக முதலில் காணாமல் போவது அந்த மஞ்சள்தான். பிறகு விளிம்புகள். முன்னால் உள்ள ஒரே ஒரு விளிம்பைக் கூர்மையாக வைத்துவிட்டு மற்றவற்றை, வண்ணம் காய்வதற்குள் அடுத்ததைத் தீட்டி, ஈரத்தோடு ஈரமாகக் கரைய விடுவேன்.

புகைப்படத்தைப் பார்த்து வரையலாமா என்று பலர் கேட்கிறார்கள். கிளையின் வளைவு, பாறையின் வெடிப்பு போன்றவற்றை நினைவுபடுத்திக்கொள்ளலாம். தூரத்துக்கு அதை நம்பக் கூடாது. வானத்துக்குச் சரியாக எடுத்தால் நிழல்கள் இருண்டுவிடும், நிழலுக்குச் சரிசெய்தால் வானம் வெளுத்துவிடும். செல்போனின் அகலக்கோண லென்ஸில் மலையும் சிறுத்துப்போகும். அதற்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 1822-ல் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் மேகங்களை வரைந்தபோது பல படங்களின் பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்து வைத்தார். நானும் ஸ்கெட்ச் ஓரத்தில் மழை நின்று எவ்வளவு நேரம், புழுக்கமா, தூசியா என்று எழுதுவேன். மழை கழுவிய காற்றில் மலை பக்கத்தில் வந்து நிற்கும், தூசி எழுந்த நாளில் அதே மலை வெகுதூரம் போய்விடும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதும் அதற்காகத்தான்.

பெரிய படத்தை வீட்டில் இந்தச் சின்னப் படங்களையும் குறிப்புகளையும் வைத்துத்தான் தீட்டுகிறேன். அங்கே ஒரு மரத்தை நகர்த்துவேன், இரண்டு மரங்களை எடுத்தேவிடுவேன், காற்றின் அளவை மட்டும் மாற்ற மாட்டேன். முடிந்ததா என்று பார்க்கப் படத்தைக் கண்ணாடியில் இடவலம் மாற்றிப் பார்ப்பேன். பழகிப்போன கண்ணுக்குத் தப்பியது எல்லாம் அதில் தெரிந்துவிடும். முன்தரையில் கால் வைத்த பார்வை எங்கும் முட்டாமல் கடைசி மலை வரை போனால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். நடுவில் ஒரு புதர் மறித்தால் அந்தப் புதரைத்தான் மறுநாள் சுரண்டி எடுப்பேன்.