ஆடி மழையில் துளசி காயுமா?

கேள்வி: மும்பை செம்பூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். பால்கனித் தொட்டிகளில் துளசி, புதினா, கற்பூரவல்லி வளர்க்கிறேன். கோவில்பட்டியில் என் மாமியார் செய்வதுபோலக் கொத்தாகக் கட்டி, வெயில் படாமல் ஃபேன் காற்றில் தொங்கவிட்டேன். ஐந்தாம் நாள் துளசி கறுத்துவிட்டது. புதினாக் கொத்தின் நடுவில் வெள்ளையாகப் பூசணம். தட்டிவிட்டு மறுபடி காயவைக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, தூக்கிப் போட்டுவிடுங்கள். மேலே தெரியும் வெள்ளையைத் தட்டினாலும் பூசணத்தின் இழை இலைக்குள் இருக்கும். சில பூசணங்கள் விடும் நஞ்சு, கொதிக்க வைத்தாலும் போகாது. பிள்ளைகளுக்குக் கஷாயம் போடுகிற சரக்கில் இந்தச் சிக்கனம் கூடாது.

உங்கள் மாமியார் சொன்னது தப்பில்லை, ஊர்தான் வேறு. ஆடியில் கோவில்பட்டியில் அடிப்பதும் தென்மேற்குக் காற்றுதான், உங்கள் பால்கனியில் அடிப்பதும் அதுதான். ஆனால் அங்கே வருவது மழையை மலைக்கு அந்தப்புறமே கொட்டிவிட்டு வருகிற வறண்ட காற்று. உங்களுக்கு அரபிக்கடலிலிருந்து நேரே வருகிறது. ஜூலையில் ஈரப்பதம் 85 சதவீதத்தைச் சுற்றி நிற்கும். பொரித்த அப்பளம் சாப்பிட்டு முடிப்பதற்குள் நமத்துப்போகிற காற்றில் இலை எப்படிக் காயும்? ஃபேன் அந்த ஈரக் காற்றையேதான் சுற்றிச் சுற்றி விடும். கொத்தின் நடுவில் அதுவும் நுழையாது.

காற்றைச் சற்றுச் சூடாக்கினால் கதை மாறும். 28 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 40 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் ஏறக்குறைய 44 சதவீதமாக இறங்கும். அதே தண்ணீர்தான், ஆனால் காற்றுக்கு இன்னும் குடிக்க இடம் கிடைத்துவிடுகிறது. மின்சார உலர்த்தி இருந்தால் 40-இல் வையுங்கள். 45-ஐத் தாண்டவிடாதீர்கள், துளசி, புதினாவின் மணம் எண்ணெயில் இருக்கிறது, அது பறந்துவிடும். காயும்போது வீடு முழுக்க மணக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம், அவ்வளவும் இலையைவிட்டுப் போன மணம்.

உலர்த்தி இல்லையா? ஏசி இருக்கிற அறை போதும். வெளியே குழாயில் சொட்டுகிற தண்ணீர் அறைக் காற்றிலிருந்து பிழிந்ததுதானே. ‘டிரை’ மோடில் போட்டு, பழைய வேட்டித் துணியில் இலைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, ஃபேனை மெதுவாக விடுங்கள். பகலில் ஏசியை நிறுத்தினால் இலை மறுபடி ஈரம் இழுக்கும். அதனால் காலையில் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடி ஃபிரிட்ஜில் வைத்து, இரவு மீண்டும் பரப்புங்கள். பறித்ததும் கழுவினால் துணியில் ஒற்றி எடுத்த பிறகே பரப்ப வேண்டும்.

காம்பை வளைத்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். இலை மட்டும் நொறுங்கி, காம்பு வளைந்துகொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடி ஒரு நாள் வையுங்கள். உட்புறம் லேசாக வேர்த்தால்கூட எடுத்து மறுபடி காயவைக்க வேண்டும். சேமிக்கும்போது வறுத்து ஆறவைத்த அரிசியைச் சிறு துணி முடிச்சாகக் கட்டிக் கூடவே போடுங்கள். பொடிக்காமல் முழு இலையாகவே வைத்தால் மணம் நிற்கும்.

அப்புறம், கற்பூரவல்லியை எதற்குக் காயவைக்கிறீர்கள்? அந்தச் சதை இலையில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். வருஷம் முழுக்கத் தொட்டியில் இருக்கிற செடி. வேண்டும்போது நாலு இலை கிள்ளிக்கொள்ளலாம். துளசியில் மட்டும் இப்போது பூங்கதிர்களைக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். நன்றாகக் கிளைத்திருக்கும்; மழை விட்டு அக்டோபர் வெயில் கொளுத்தத் தொடங்கியதும், ஒரு காலையில் பனி காய்ந்தபின் வெட்டுங்கள். நிழலிலேயே காயும், ஏசி கூட வேண்டாம்.