ரசிகர் எழுதிய வரலாறு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நண்பர் ஒருவர் கொடுத்து 'நோ ஒன் ஹியர் கெட்ஸ் அவுட் அலைவ்' படித்தேன். டோர்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் பாடகர் ஜிம் மாரிசனின் வாழ்க்கை வரலாறு. ஜெர்ரி ஹாப்கின்ஸ், டேனி ஷுகர்மன் இருவரும் எழுதி 1980இல் வந்தது. கீழே வைக்க முடியவில்லை. ஆனால் முடித்த பிறகு ஒரே எரிச்சல். ஷுகர்மன் முன்னுரையிலேயே மாரிசனை இந்தக் காலத்துக் கடவுள் என்கிறார். அப்படிச் சொல்கிறவர் தரும் எந்தத் தகவலை நம்புவது? மாரிசன் குடித்துவிட்டு விழுவதுகூட ஏதோ தவம் மாதிரி வருகிறது. கடைசியில் அவர் சாகவே இல்லையோ என்ற சந்தேகத்தையும் கிளப்பிவிட்டு முடிக்கிறார்கள். ரசிகர்கள் வரலாறு எழுதவே கூடாது என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

இன்னொன்று. நான் டோர்ஸ் பாட்டு எதையும் ஒழுங்காகக் கேட்டதில்லை. கேட்காமலேயே இப்படி ஒரு புத்தகத்தைப் படிப்பது சரியா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

கீழே வைக்க முடியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் அந்தப் புத்தகத்தின் பெயரில் வரவு வைத்துவிடுவோம். ராக் இசைக்குழு வரலாறுகளில் பெரும்பாலானவை நாற்பதாம் பக்கத்தில் தூக்கம் வரவழைப்பவை.

அந்தப் புத்தகம் உருவான விதத்தைத் தெரிந்துகொண்டால் உங்கள் எரிச்சலுக்குக் காரணம் கொஞ்சம் புரியும். ஹாப்கின்ஸ் பத்திரிகையாளர். ரோலிங் ஸ்டோன் இதழுக்காக மாரிசனை நேரில் பேட்டி எடுத்தவர். அவர் எழுதிய பிரதியைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. அதன் பிறகுதான் ஷுகர்மன் உள்ளே வருகிறார். பதின்வயதிலேயே டோர்ஸ் அலுவலகத்துக்குப் போய், குவிந்து கிடந்த ரசிகர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலையைப் பிடித்துக்கொண்ட பையன் அவர். பின்னாளில் டோர்ஸின் கீபோர்டு கலைஞர் ரே மன்சரெக்கின் மேனேஜராகவும் இருந்தார். ரசிகர் என்ற ஒரு சொல்லில் அவரை அடக்க முடியாது. அவர் உள்வீட்டு ஆள்.

நீங்கள் எல்லாப் பழியையும் பக்தியின் மேல் போடுகிறீர்கள். எனக்கு அந்த உள்வீட்டுத் தொடர்பின் மேல்தான் சந்தேகம். 1979இல் 'அப்பொகலிப்ஸ் நவ்' படத்தில் டோர்ஸ் பாட்டு வருகிறது. அடுத்த ஆண்டு இந்தப் புத்தகம். அதற்கடுத்த ஆண்டு, இறந்து பத்து வருடம் ஆன மாரிசன் ரோலிங் ஸ்டோன் அட்டையில் வருகிறார். பழைய ஆல்பங்கள் புதிய தலைமுறையிடம் மறுபடி விற்க ஆரம்பித்தன. யாரும் உட்கார்ந்து சதி செய்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் மாரிசன் கடவுளாக இருப்பதில் ஷுகர்மனைத் தவிர இன்னும் பலருக்கும் லாபம் இருந்தது.

புத்தகத்தின் பெரிய குறை என்று நான் நினைப்பதை உங்கள் கடிதம் தொடவில்லை. இது ஒரு தலபுராணம். தலபுராணத்தில் குளமும் மரமும் பறவையும் மூலவரின் பெருமையைச் சொல்வதற்காகவே இருக்கும். மன்சரெக், கிட்டார் வாசித்த ராபி க்ரீகர், டிரம்ஸ் வாசித்த ஜான் டென்ஸ்மோர் மூவரும் இதில் குளம், மரம், பறவை. 1967இல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்து இந்தக் குழுவை ஊரறியச் செய்த 'லைட் மை ஃபயர்' பாட்டைப் பெரும்பாலும் எழுதியவர் க்ரீகர். முதல் மூன்று ஆல்பங்களிலும் பாட்டை யார் எழுதியிருந்தாலும் 'டோர்ஸ்' என்றே பெயர் போட்டு, பணத்தை நாலு பேரும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துக் குழுக்களில் இது சாதாரண விஷயம் இல்லை. 1968இல் மாரிசன் ஊரில் இல்லாதபோது மற்ற மூவரும் இதே பாட்டை ப்யூக் கார் விளம்பரத்துக்குக் கொடுக்கச் சம்மதித்தார்கள். திரும்பி வந்த மாரிசன் கொதித்துப்போனார். பாட்டை எழுதியவர் சம்மதிக்கிறார், பாடியவர் கூடாது என்கிறார். ஒரு இசைக்குழு உள்ளுக்குள் எப்படி இயங்கியது என்பதற்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. புத்தகத்தின் மொத்த எடையும் ஒரே ஆள் பக்கம் சாய்ந்திருக்கும்போது இப்படிப்பட்ட காட்சிகள் அவருடைய கோபத்துக்கு உதாரணமாக மட்டும் சுருங்கிவிடும்.

மரணத்துக்கு வருவோம். 1971 ஜூலை 3, பாரீஸ், வயது 27. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. செய்தி கேட்டுப் போன மேனேஜர் பில் சிடன்ஸ் மூடிய சவப்பெட்டியைத்தான் பார்த்தார். அதனால் கேள்விகள் எழுந்ததில் தப்பில்லை. எழாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் எப்படி இறந்தார் என்று சரியாகப் பதிவாகவில்லை என்பது ஒன்று, இறக்கவே இல்லை என்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை ஆதாரம் எதுவும் இல்லாமல் ஆசையால் மட்டும் தாண்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பக்கங்களை நானும் மன்னிக்கவில்லை.

சரி, இதை வைத்துக்கொண்டு ரசிகர்கள் எழுதவே கூடாது என்று சொல்லிவிடலாமா? மார்க் லூயிசனைப் பாருங்கள். பீட்டில்ஸ் பித்து பிடித்தவர். அந்தப் பித்தே தொழிலாகி, பீட்டில்ஸ் பாட்டுகளை வெளியிட்ட ஈஎம்ஐ நிறுவனத்தின் ஒலிநாடாக் கிடங்கு வரை அவருக்குத் திறந்துவிட்டார்கள். 2013இல் 'டியூன் இன்' வந்தது. மூன்று பாகமாகத் திட்டமிட்ட வரலாற்றின் முதல் பாகம். விரிவான பதிப்பு 1,700 பக்கத்துக்கு மேல் போகிறது, ஆனால் கதை 1962 டிசம்பரோடு நின்றுவிடுகிறது. அதாவது முதல் ஆல்பம்கூட இன்னும் வரவில்லை! அடுத்த பாகத்துக்கு வாசகர்கள் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். ரசிகரைத் தவிர வேறு யாருக்கு இந்தப் பைத்தியம் வரும்?

அந்தப் பைத்தியம் என்ன செய்தது என்றும் பாருங்கள். ஈஎம்ஐயின் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பீட்டில்ஸிடம் ஏதோ ஒரு பொறியைக் கண்டு ஒப்பந்தம் போட்டார் என்பது ஐம்பது வருடமாக எல்லாரும் சொல்லி வந்த கதை. ரசிகர்களுக்கு மிகவும் பிடித்த கதையும் அதுதான். லூயிசன் வேறு மாதிரி சொல்கிறார். ஈஎம்ஐயில் பாடல் உரிமைகளைக் கவனித்த பிரிவுக்கு, பீட்டில்ஸில் இருந்த லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிய பாட்டுகளில் ஆர்வம் வந்தது. மேலிடம் இந்தக் குழுவை மார்ட்டின் தலையில் கட்டியது. மார்ட்டினுக்கு ஆரம்பத்தில் பெரிய உற்சாகம் எதுவும் இல்லை. ரசிகரான லூயிசன் தனக்கும் பிடித்திருந்த கதையைத் தானே உடைக்கிறார். அந்தப் புத்தகம் பீட்டில்ஸின் ஒப்புதல் முத்திரையோடு வந்தது அல்ல என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

ஒப்புதலோடு வந்ததும் உண்டு. 1968இல் வந்த ஹன்டர் டேவிஸின் பீட்டில்ஸ் வரலாறு. டேவிஸ் பத்திரிகையாளர், பித்தர் அல்ல. பிரதி சம்பந்தப்பட்டவர்களின் பார்வைக்குப் போனது, லெனனை வளர்த்த மிமி பெரியம்மா வரைக்கும். அங்கங்கே மாற்றச் சொன்னார்கள், மாறியது. பின்னாளில் டேவிஸே இதையெல்லாம் எழுதியிருக்கிறார். லெனனும் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்த தேதியே அதில் தப்பு. 1956 என்று இருக்கும். உண்மையில் 1957 ஜூலை 6, லிவர்பூலில் வூல்ட்டன் தேவாலய விழாவில். சந்தித்த இருவரும் உயிரோடு இருந்து, கேட்டால் பதில் சொல்லும் காலத்தில் அச்சான புத்தகம் அது. அவர்களுக்கே சரியாக ஞாபகம் இல்லை. நினைவில் இருந்து சொன்னதைப் பழைய தாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை பெரும்பாலும் பின்னால் வருகிற பித்தர்களுக்குத்தான் இருக்கிறது.

க்வீன் குழுவின் ரசிகர் மன்றத்தை நடத்திய ஜாக்கி கன், ஜிம் ஜென்கின்ஸ் என்ற இன்னொரு ரசிகரோடு சேர்ந்து 1992இல் ஒரு வரலாறு எழுதினார். க்வீனின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி இறந்த மறு வருடம், குழுவின் ஒத்துழைப்போடு. க்வீன் உருவாவதற்கு முன்னால் யார் எந்தக் குழுவில் இருந்தார்கள் என்பதற்கெல்லாம் நல்ல புத்தகம். சண்டை சச்சரவை அதில் தேடாதீர்கள். நண்பர்கள் துக்கத்தில் இருக்கும்போது வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதியது வேறு எப்படி இருக்கும்?

எனக்குப் பிடித்த கிறுக்கர் ஜானி ரோகன். பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றி 1981இல் ஒரு புத்தகம் எழுதினார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. முப்பது வருடம் அதையே திருப்பித் திருப்பி எழுதி 2011இல் ஒரு பெரிய பாகம் கொண்டுவந்தார். அப்புறம் 2017இல் இரண்டாம் பாகம். அது முழுக்க குழுவில் இருந்து இறந்துபோனவர்களைப் பற்றியது. அதில் கெவின் கெல்லி வருகிறார். 1968இல் கொஞ்ச காலம் டிரம்ஸ் வாசித்துவிட்டுப் போனவர். ஒரு தொழில்முறை எழுத்தாளர் அவருக்கு அரைப் பத்தி கொடுத்திருப்பார். இதே ரோகன் 1992இல் ஸ்மித்ஸ் குழுவைப் பற்றி எழுதியபோது பாடகர் மாரிசி கடுப்பாகி, இந்த ஆள் நெடுஞ்சாலை விபத்தில் சாக வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். மாரிசன் வேறு, மாரிசி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்மித்ஸ் குழுவில் பணம் எப்படிப் பிரிந்தது என்ற விவகாரம் 1996இல் நீதிமன்றத்துக்குப் போய், டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸுக்குக் கால் பங்கு உண்டு என்று தீர்ப்பானது.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒரு புத்தகத்தை எடுக்கும்போது, எழுதியவர் ரசிகரா என்று பார்ப்பதை விட, பிரதியை அச்சுக்கு முன் யார் யார் படித்தார்கள் என்று பாருங்கள். முன்னுரையிலும் நன்றியுரையிலும் பெரும்பாலும் அது தெரிந்துவிடும். அடுத்து, கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள். டிரம்ஸ்காரரைப் பற்றி உங்களுக்கு எதுவுமே ஞாபகம் இல்லையென்றால் நீங்கள் படித்தது இசைக்குழுவின் வரலாறு இல்லை.

டோர்ஸைத் தொடர விருப்பம் இருந்தால் டென்ஸ்மோர் 1990இல் எழுதிய நினைவுக் குறிப்பைப் படியுங்கள். அதில் மாரிசன் கடவுள் இல்லை, கூட வேலை செய்யப் பயமாக இருக்கிற ஆள். அதற்காக அதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். மன்சரெக்கும் க்ரீகரும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். டோர்ஸ் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த இருவர் மேலும் டென்ஸ்மோர் வழக்குப் போட்டு ஜெயித்தவர்.

பாட்டைக் கேட்காமல் படிக்கலாமா என்ற கேள்விக்கு: படிக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் கேட்காத வரைக்கும் புத்தகம் சொல்வதைச் சரிபார்க்க உங்களிடம் ஒன்றும் இல்லை. 'லைட் மை ஃபயர்' இரண்டு வடிவங்களில் இருக்கிறது. வானொலிக்காக வெட்டிய சிங்கிள் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதை விட்டுவிட்டு ஆல்பத்தில் உள்ள ஏழு நிமிட வடிவத்தைக் கேளுங்கள். மாரிசன் பாடுவதை நிறுத்திய பிறகு மன்சரெக்கின் ஆர்கனும் க்ரீகரின் கிட்டாரும் நீண்ட நேரம் போகும், பின்னால் டென்ஸ்மோர். சிங்கிளில் வெட்டியது அந்தப் பகுதியைத்தான்.

அன்புடன்.